பச்சைக் கருது

இங்க உக்காருங்க தம்பி. பையை எடுத்துக்கறேன். ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் பழமும் பூவும். அந்த அம்மா ஏன் எந்திரிச்சு முன்னால போயி நின்னுட்டாங்கன்னு பார்க்கறீங்களா? வாசமுங்க. எம்மேல அடிக்கற வாசம். சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சேன், போகமாட்டேங்குது. மீன் கரைசலுங்க. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊற வெச்சுப் பயிருக்குத் தெளிக்கறது. காலைல கைதவறிக் குடத்தையே சாய்ச்சுட்டேன். நீங்க சன்னல் பக்கம் உக்காந்துக்கங்க, காத்து வரும்.

தாராபுரமுங்களா? நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன். காளிபாளையம் பிரிவு. மச்சினன் ஊரு. எம் பொண்டாட்டி அங்கதான் இருக்கறா, கூட்டிட்டு வரப் போறேன். கோவிச்சுட்டுப் போயிட்டான்னு சொல்றதா, ஊரு சிரிக்க வெச்சுட்டுப் போயிட்டான்னு சொல்றதா, முழுசும் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எம்பேரு தெய்வசிகாமணி. உடுமலைக்குத் தெக்கால தோட்டம். இயற்கை விவசாயமுன்னா அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் என் பேரத்தான் சொல்லுவாங்க. சொல்லுவாங்கன்னா, போன மாசம் வரைக்கும் சொன்னாங்க.

நான் சும்மா பேஷனுக்கு வந்தவனில்லீங்க. எங்கண்ணன் பருத்திக்கு மருந்தடிக்கப் போனவரு, வரப்புல சாஞ்சாரு, அப்பறம் எந்திரிக்கவே இல்ல. மருந்து மிஷின் முதுகுல மாட்டுனபடியே கெடந்தாரு. வாயெல்லாம் நொர. நான்தான் தூக்குனேன். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், எங்காட்டுல இனி ஒரு சொட்டு விஷம் விழக்கூடாதுன்னு. மண்ணு நமக்கு ஆத்தா. ஆத்தா வாயில யாராச்சும் விஷத்த ஊத்துவாங்களா? இத நான் மேடையிலயும் பேசுவேன். இந்த எடத்துல கை தட்டுவாங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். ஸ்வீட் கார்ன் தெரியுமில்லீங்க? பஸ் ஸ்டாண்டுல வேகவெச்சு, உப்பும் மொளகாப்பொடியும் தடவித் தர்றாங்களே, அது. மாட்டுத் தீவனத்துக்குப் போற மக்காச்சோளம் வேற, இது வேற. இது இனிப்பு. மனுசனுக்கு இனிச்சா புழுவுக்கு மட்டும் கசக்குமுங்களா? படைப்புழுன்னு ஒண்ணு வந்து சேர்ந்துருக்குது. செடியோட குருத்துக்குள்ள போயி உக்காந்துக்கும். மழையா, வெயிலா, ஒண்ணும் பண்ணாது அத. எங்க இயற்கை விவசாயக் குழுவுல இருக்கறவங்களே சொன்னாங்க, "ஏனுங்க, வேற என்ன வேணாலும் போடுங்க. ஸ்வீட் கார்ன் மட்டும் மருந்தில்லாம வராது"ன்னு.

வராதுன்னு ஒருத்தன் சொல்லிட்டா எனக்கு ரோசம் வந்துரும். அதென்ன வராது? வர வெச்சுக் காட்டறேன்னு தையில எறங்குனேன்.

அந்த வெதையே மருந்து பூசித்தான் வருதுங்க, ரோஸ் கலர்ல, மிட்டாயாட்டம். துளசிமணிகிட்டக் குடுத்து, எம் பொண்டாட்டி பேரு துளசிமணி, கலரு போற வரைக்கும் தண்ணி மாத்தி மாத்திக் கழுவச் சொன்னேன். அப்பறம் சாணிக் கரைசல்ல நனைச்சு, நெழல்ல ஒலத்தி, நட்டோம். நட்டோமுன்னா, நான் வரிசை வரிசையா மண்ணணைச்சுப் பார் ஓட்டிவிட்டேன், அவ நட்டா. அதுக்கு முன்னாலயே ஆட்டுக்கிடை போட்டிருந்தேன். ஒரு வாரம் பட்டியாட்டையெல்லாம் காட்டுல அடைச்சு வெச்சா, அந்தப் புழுக்கையும் மூத்தரமும் போதுங்க, யூரியா பிச்சை எடுக்கோணும். பயிரு கருகருன்னு வந்துச்சு. அப்பறம் ஜீவாமிர்தம். சாணி, வெல்லம், பயித்தமாவு, மாட்டுக் கோமியம். கோமியத்துக்குக் கோழி கூப்பிடறப்பவே குடத்தோட மாட்டுக்குப் பின்னால நிக்கோணும். மாடு எப்பப் பேயுமுன்னு யாரு கண்டா? துளசிமணி நிப்பா. பொம்பளைங்களுக்குப் பொறும ஜாஸ்திங்க.

அப்பறந்தான் புழு வந்துச்சு.

நான் அசரல. இஞ்சி, பூண்டு, பச்ச மொளகா, மூணையும் அரைச்சுக் கோமியத்துல கலந்து குருத்துக் குருத்தா ஊத்தோணும். மேலாப்புல தெளிச்சா புழுவுக்கு மழை பேஞ்ச மாதிரிதான். ஒவ்வொரு செடிக்கும் குனிஞ்சு, ஒவ்வொரு குருத்துலயும் ஊத்தோணும். ஆளு கூப்பிட்டா யாரும் வர்றதில்லீங்க, கண்ணு எரியுதுன்னு ஓடிர்றாங்க. நூறு நாள் வேலைக்குப் போயி மரத்தடியில உக்காந்து பழகிட்டாங்க. அப்ப யாரு செய்யறது? ஊட்டுல இருக்கறவங்கதானே செய்யோணும்?

துளசிமணி ஒரு நா கேட்டா, "ஏனுங்க, இத மிக்ஸில போட்டு ஓட்டிக்கிறனே"ன்னு. நான் ஒத்துக்கல. மிஷின் சூட்டுல காரத்தோட வீரியம் போயிருமுங்க. ஆட்டுக்கல்லுல அரைச்சாத்தான் மருந்து. இத எனக்கு யாரும் சொல்லித் தரல, நானாக் கண்டுபுடிச்சது. மேடையில சொன்னேன், எழுதிக்கிட்டாங்க.

கையெல்லாம் எரியுதுன்னா. எரியத்தானுங்க செய்யும், மொளகான்னா எரியாதா? தேங்காயெண்ணெய் தடவிக்கன்னேன். ஒரு நா சோறு போடறப்பக் கையக் காட்டுனா, உள்ளங்கையில தோலு உரிஞ்சிருந்துச்சு. "பார்த்தியா, இவ்வளவு காரம் இருந்தா புழு எப்படித் தாங்கும்?"னு சொன்னேன். சும்மா தமாசுக்கு. அவ சிரிக்கல. அவளுக்குத் தமாசு கொஞ்சம் கம்மிங்க.

எம் மக திருப்பூர்ல இருக்கறா. லீவுக்கு வந்திருந்தா, கொழந்தையோட. தன்விகான்னு பேரு. இப்பத்தான் பால்வாடிக்குப் போகுது, என்னைய அப்புச்சி அப்புச்சின்னு சுத்திச் சுத்தி வரும். அவ அம்முச்சி, அதான் துளசிமணி, சோறூட்டுனா மட்டும் வேண்டாமுன்னு அழுவும். என்னன்னு பார்த்தா, அவ கையில இருக்கற காரம் கொழந்த வாயில எரியுதாமா! கழுவுனாலும் போகறதில்லையாட்ட இருக்குது. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அதுக்கப்பறம் அவ ஸ்பூன்லதான் ஊட்டுனா. அதையும் மொகத்தத் திருப்பிக்கிட்டு ஊட்டுவா, எதுக்குன்னு தெரியல.

நீங்க எதாச்சும் சொன்னீங்களா? இல்லீங்களா? சரி.

ஆனா பயிரு வந்துச்சுங்க. அதச் சொல்லோணும். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாரத்துக்கொருக்கா மருந்தடிச்சும் எலையெல்லாம் சல்லடையாட்டம் இருந்துச்சு. எங்காட்டுல சோளக் கருது ஒவ்வொண்ணும் மொழங்கை நீளம். பச்சையா ஒடிச்சுக் கடிச்சா பாலு வரும். குழுவுல இருந்து வந்து பார்த்தாங்க. தலைவரு சொன்னாரு, "சிகாமணி, ஒரு நா வெச்சு எல்லாத்தையும் கூட்டிட்டு வர்றோம். உங்க தோட்டத்த மாதிரித் தோட்டமுன்னு அறிவிச்சிரலாம்"னு. திருப்பூர், பொள்ளாச்சியில இருந்தெல்லாம் வர்றதா ஏற்பாடு. வாழ்நாள்ல எனக்கு அப்பிடியொரு சந்தோசம் வந்ததில்லீங்க. அண்ணன் இருந்திருந்தாப் பார்த்திருப்பாருன்னு நெனச்சேன். பந்தலுக்குச் சொல்லறதும், பேனரு அடிக்கறதும், ஊரூராப் போயி கூப்பிடறதும், அந்தப் பத்து நாளு நான் தோட்டத்துக்கே சரியாப் போகல.

அந்த நேரம் பார்த்துக் கருது நுனியில புழு எறங்கியிருக்குது. எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

எங்கிட்டச் சொன்னாளான்னா, சொன்னாளாமா. நான் பேனர்க்காரன்கூடப் போன்ல பேசிட்டிருந்தப்ப வந்து, "கருதுல புழு வந்துருக்குதுங்க, எனக்கு இனி அரைக்க முடியாதுங்க, கை முடியல"ன்னாளாமா. நான் "ஆகட்டும் ஆகட்டும், நீ பார்த்துக்க"ன்னேனாமா. சொல்லியிருக்கலாம். ஆயிரம் சோலி. அதுக்குன்னு அவ பண்ணுனத பாருங்க.

வந்தாங்க எல்லாரும். வேன்ல, கார்ல. எம் மகளும் கொழந்தயோட வந்திருந்தா. பெரியவங்க, பொம்பளைங்க, காலேஜ் படிக்கற புள்ளைங்க. பந்தல் நெறஞ்சு போச்சு. சால்வை போட்டாங்க. பேசுனேன். ஆத்தா வாயில விஷம், அதையும் பேசுனேன். ஒரு சொட்டுன்னாலும் விஷம் விஷந்தான், அது தலமொறைக்கும் விடாதுன்னு பேசுனேன். அந்தப் புள்ளைங்க போன்ல படம் புடிச்சாங்க.

துளசிமணி ஓரமா ரெண்டு பார்ல இருந்து கருத ஒடிச்சு, வேகவெச்சு, தட்டுல அடுக்கி வெச்சிருந்தா. "எல்லாரும் இதச் சாப்பிடுங்க"ன்னு தட்டத் தூக்கிட்டு ஆளாளுக்குக் குடுத்தா. நான்தான் தடுத்தேன். வேகவெச்சது எவன் வேணாலும் தருவான். இயற்கைன்னா பச்சையாத் திங்கோணும், செடியில இருந்து ஒடிச்சு, கழுவாமத் திங்கோணும். அதுதானுங்க எங்க குழுவுல வழக்கம். தக்காளி போட்டவன் தக்காளியக் கடிச்சுக் காட்டுவான், நான் கருதக் கடிச்சுக் காட்டோணும். எல்லாரையும் தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போனேன். பின்னாலயே ஓடி வந்தா. "ஏனுங்க, வேகவெச்சது ஆறுதுங்க, வாங்க"ன்னா. எனக்கு எரிச்சலுங்க. வந்தவங்களுக்கு முன்னால இதென்ன பேச்சு?

நல்ல கருதாப் பார்த்து ஒடிச்சேன். மட்டைய உரிச்சேன். நானே கடிக்கலாமுன்னு வாய்கிட்டக் கொண்டு போனேன். அப்பத்தான் தோணுச்சு. நான் கடிச்சா என்ன பெருசு? எம் பயிர நான் திங்காம யாரு திம்பா? தன்விகாவக் கூப்பிட்டேன். இடுப்புல தூக்கி வெச்சுட்டு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரிச் சொன்னேன், "எம் பேத்திக்கே குடுக்கறேன் பாருங்க. இதவிட ஒரு சர்ட்டிபிகேட்டு வேணுமா?"ன்னு. கொழந்த வாயத் தொறந்துச்சு. எல்லாப் போனும் எங்க பக்கம் திரும்பிருச்சு.

துளசிமணி வந்தா பாருங்க, எங்கிருந்து வந்தாளோ, கொழந்த வாயில இருந்து கருதத் தட்டி விட்டா. தட்டிவிட்டான்னா, அது போயி அக்கட்டப் பாருல விழுந்துச்சு. கொழந்த வீல்னு கத்துச்சு. கத்தக் கத்த அது வாய்க்குள்ள வெரல விட்டுத் தொடைக்கறா, முந்தானையில நாக்கத் தொடைக்கறா. அந்தக் கையில காரம் வேற. "துப்பு கண்ணு, துப்பு சாமி"ன்னு அழுவறா. நான், "ஏய், பைத்தியமா உனக்கு?"ன்னு கையப் புடிச்சேன். அவ எம்மொகத்தப் பார்த்துச் சொன்னா, "மருந்தடிச்சிருக்குதுங்க. நாலு நாளுதான் ஆச்சு. புள்ளைக்குக் குடுக்காதீங்க."

 வெண்ணெய் தெரண்டு வர்றப்பத் தாழி ஒடைஞ்ச கதைன்னு சொல்லுவாங்கள்ல, எனக்கு ஒடைஞ்சது தாழி இல்லீங்க, மண்டை. தலைவரு எம்மொகத்தப் பார்க்காம வேன்ல போயி ஏறிட்டாரு. மட்டை உரிச்சுக் கையில வெச்சிருந்தவங்கல்லாம் கருதக் கீழ போட்டுட்டு, கையத் துண்டுல தொடச்சுட்டு நடந்தாங்க.

அப்பறந்தான் எல்லாம் சொன்னா. கடையில போயிக் கேட்டு வாங்கிட்டு வந்துருக்கறா. பக்கத்துத் தோட்டத்துல மிஷின எரவல் வாங்கி, முதுகுல மாட்டி, மூஞ்சிக்குத் துண்டக் கட்டிட்டு, ஒத்தையா அடிச்சிருக்கறா. எம்புட்டுத் தைரியம் பாருங்க. எங்கண்ணன் சாஞ்சு கெடந்த அதே வரப்புல நடந்து! எங்காட்டுல! எனக்கு அத நெனச்சா இப்பவும் நெஞ்சு பதறுது. அந்த மண்ண நான் எப்பிடிப் பாதுகாத்தேன்! கடைக்காரன் ரெண்டு வாரத்துக்குக் கருதத் தொடாதீங்கன்னு சொல்லி அனுப்பிச்சானாமா. கூட்டத்துக்கு வர்றவங்க பார்க்கத்தானே வர்றாங்க, நாள் தாண்டி ஒடிச்சுக்கலாமுன்னு நெனச்சாளாமா. வேகவெக்கறதுக்குன்னு ஓரத்து ரெண்டு பாரு மட்டும் மருந்து படாம உட்டு வெச்சிருக்கறா. அதுலயாச்சும் புத்தியிருந்துச்சு.

"எனக்கு வேற வழி தெரியலீங்க. பயிரு போயிருச்சுன்னா நீங்க தாங்கமாட்டீங்கன்னு பண்ணிட்டேன்"னா.

நான் அடிக்கல தம்பி. கை ஓங்கற ஆளே இல்ல நான். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். மனசுல பட்டதக் கேட்டேன். "கொழந்த என்ன முழுக் கருதயா தின்னுபோடும்? ஒரு கடி கடிக்கும், துப்பிரும். ஒரு கடியில என்ன ஆயிரப் போகுது? ஊரு ஒலகமே தின்னுட்டுத்தான இருக்குது? கூட்டம் போன பொறகு எங்கிட்ட மெதுவாச் சொல்லியிருந்தா, நான் பயிர ஏரு ஓட்டி அழிச்சுட்டுப் போயிருப்பேன். என் மானம் நின்னிருக்குமில்ல?"ன்னு கேட்டேன்.

தப்புங்களா? எல்லாத்தையும் வெச்சுப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு கடி.

அவ எந்திரிச்சா. எம் மகளும் எந்திரிச்சா. மக எங்கிட்ட "போயிட்டு வர்றேனுங்கப்பா"ன்னு கூடச் சொல்லாமக் கொழந்தயத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டா. இவ அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. போயி மாசமாகப் போகுது.

அந்த நாள்ல இருந்து ஊட்டுல சத்தமே இல்லீங்க. எனக்கு ஒரு வாய்ச் சோறு எறங்கல. பொறகு சோத்த எறக்கித்தானே ஆகோணும். நானே கரைசல் போட்டுக்கறேன். அடுத்த பயிரு வெண்டங்கா, அதுக்கும் அரைக்கோணுமில்ல? ஒருக்கா ஆட்டுக்கல்லுல அரைச்சேன். யப்பா. ராவும் பகலும் எரிச்சல், கைய வாளித் தண்ணியில போட்டே உக்காந்திருந்தேன். இப்ப மிக்ஸில ஓட்டிக்கறேன். அவசரத்துக்குப் பரவால்லீங்க, வீரியம் அப்பிடியொண்ணும் கொறையல.

குழுவுல ஒரு வழி சொல்லியிருக்கறாங்க. தலைவரு போன் பண்ணி, "உங்க ஊட்டம்மா வந்து, கோவத்துல சொன்னேன், மருந்தெல்லாம் அடிக்கலன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாப் போதும், மறந்துரலாம். உங்களமாதிரி ஆள உட்டுர முடியுமா?"ன்னாரு. பெருந்தன்மையான மனுசன். ஒரு வார்த்ததானே? சொல்லிட்டா அவளுக்கென்ன கொறஞ்சு போயிரும்?

அதச் சொல்லித்தான் நேத்து துளசிமணிக்குப் போன் பண்ணுனேன். முழுசும் கேட்டா.  அப்பறம், "சரிங்க, வர்றேன். வந்து அவிய கேக்கறத சொல்றேன்"னா. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு தம்பி, பொய் சொல்லல. அழுகையே வந்துருச்சு. "நாளைக்கு மத்தியானத்து பஸ்ஸுல வர்றேன், தயாரா இரு"ன்னேன்.

"ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லிருங்க"ன்னா. கேளுன்னேன்.

"அந்தக் கருதுல மருந்திருக்குதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, அத்தன சனத்துக்கு முன்னால, நீங்க அத அவ வாயில இருந்து புடுங்கியிருப்பீங்களா?"

இதென்ன கேள்வி பாருங்க! எம் பேத்தி. எம் ரத்தம். புடுங்கியிருப்பேன்னு பட்டுனு சொல்லோணும், அதுதான? வாயத் தொறந்தேன். பார்த்தா, வாயில வந்தது வேற.  "நேர்ல வந்து சொல்றேன்"னு போன வெச்சுட்டேன்.

உடுமலையில பஸ் ஏறுனதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டேதான் வர்றேன். சொல்றதுக்கு என்னங்க, ஒரே ஒரு வார்த்த. ஆனா அவ எம்மொகத்தப் பார்த்துட்டு இருப்பா. முப்பது வருசமாப் பார்க்கறவ. அதுதான் யோசனை.

என்னங்க? கண்டக்டரா? ஆமாங்க, காளிபாளையம் பிரிவுதான். எறங்கோணும். அந்த டீக்கடைகிட்ட நிக்கறது மச்சினன் வண்டிதான். அவளும் வந்து நிக்கறாளுங்க. மச்சினன் மட்டும் வருவான்னு நெனச்சேன். வெயிலுக்கு முந்தானையத் தலையில போட்டுட்டு, சன்னல் சன்னலாப் பார்த்துட்டு வர்றா.

தம்பி, நீங்க கொஞ்சம் நேரா உக்காருங்க. இன்னுங் கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கங்க. நான் இப்பிடிக் குனிஞ்சுக்கறேன்.

கண்டக்டர், விசில் குடுங்க, போலாம். எனக்குத் தாராபுரத்துக்கு ஒரு டிக்கட் போட்டுக் குடுத்துருங்க.